நட்சத்திரம் போட்டா கணக்கு பெருசாயிருமா?

என்னலே பேராண்டி, மூஞ்சி இப்படித் தொங்கிக் கிடக்கு? ஜிமேட் பரீட்சைப் புஸ்தகத்துல ஒரு நட்சத்திரக் குறியைப் பாத்து மிரண்டுட்டியாமே! கூட்டல் தெரியும், கழித்தல் தெரியும், இதை எந்த வாத்தியாரும் சொல்லித் தரலையேன்னு பொலம்புதியாம். எப்படிலே சொல்லித் தருவாரு? அது அந்த ஒரு கேள்விக்குன்னு பொறந்தது. அடுத்த கேள்வியில அதுக்கு உசிரு கெடையாது. என்ன அர்த்தம்னு கேள்வி போட்டவனே பக்கத்துல எழுதி வச்சிருக்கான். வாசிச்சியா?

இந்தா பாரு. அ ★ ஆ = அ² − ஆ². ஒண்ணோட வர்க்கத்துல இன்னொண்ணோட வர்க்கத்தைக் கழி. அம்புட்டுதாம்லே. இதுக்கா காசைக் கட்டி, கலர் கலரா சூத்திரம் எழுதி, ஒரு நோட்டையே நிரப்பி வச்சிருக்கே?

ப ★ க எவ்வளவுன்னு கண்டுபிடிக்க எந்தத் தகவல் போதும்னு கேக்கான். மொதத் தகவல், ப + க = 10. ரெண்டாவது, ப-வும் க-வும் ஒரே எண். நீ என்ன செஞ்சே? ரெண்டையும் முடிச்சுப் போட்டு, ஆளுக்கு 5, 25-ல 25 போனா 0, ஆக ரெண்டும் சேந்தாத்தான் போதும்னு அமுக்கிட்டே. பெரிய கெட்டிக்காரன்தான்! ரெண்டும் ஒரே எண்ணுன்னு சொன்ன பெறகு அந்த 10 எதுக்குலே? எந்த எண்ணா இருந்தா என்ன, அதுல அதையே கழிச்சா மிச்சம் ஏது? ரெண்டாவது தகவல் ஒத்தையிலயே போதும். அந்த 10, உன்னைய மாதிரி அவசரக்காரனுக்குன்னே விரிச்ச வலை.

கேள்விக்குக் கீழ இருக்குற அஞ்சு விடையையும் ஒழுங்கா பாத்தியா? மொதத் தகவல் மட்டும் போதும், ரெண்டாவது மட்டும் போதும், ரெண்டும் சேந்தா போதும், எது தனியா இருந்தாலும் போதும், சேந்தாலும் போதாது. எதுலயாவது ‘எவ்வளவு’ன்னு இருக்கா? கெணத்துல தண்ணி கெடக்கான்னு கேட்டா கல்லைப் போட்டுச் சத்தம் கேக்கணும். நீ மொத்தத்தையும் எறைச்சுக் கொடங்கொடமா எண்ணுதே.

2023-ல பரீட்சையைப் புதுசாக்கினப்ப தகவல் போதுமாங்கிற இந்தக் கேள்விகளைத் தூக்கி டேட்டா இன்சைட்ஸ்ங்கிற பகுதியில வச்சான். அங்க 45 நிமிஷத்துக்கு 20 கேள்வி. தெரையிலயே கால்குலேட்டரும் தாரான், புண்ணியவான்! தட்டிக்கிட்டே இரு, நேரம் தானா ஓடிரும்.

இன்னொண்ணு கேளு. ★ங்கிறது நாலு செய்கையில ஏதோ ஒண்ணு. 5 ★ 3 இரட்டைப்படையா? தகவல்: அது கூட்டல், இல்லாட்டி கழித்தல். எதுன்னு தெரியலையே, போதாதுன்னு நீ கைய விரிப்பே. கூட்டினா 8, கழிச்சா 2. எதுவா இருந்தா உனக்கென்ன? சரி, பெருக்கல்னு சொன்னா? 15 வரும், இரட்டைப்படை இல்ல. ‘இல்ல’ன்னு வந்ததும் தகவல் போதலைன்னு குத்திட்டு வாரவன் எத்தனை பேரு தெரியுமா? உறுதியா ‘இல்ல’ன்னு தெரிஞ்சாலும் தெரிஞ்சதுதாம்லே. ஒரு வழியில ஆமாம், இன்னொரு வழியில இல்லன்னு இழுபறியா நின்னாத்தான் போதாது.

எந்திரி. போயி மூஞ்சியக் கழுவு. இன்னைக்கு ராத்திரி பத்துக் கணக்கு எடு. ஒண்ணுக்கும் விடைய எழுதாதே. எது போதும், எது போதாதுன்னு மட்டும் எழுதிக் கொண்டா, பாக்கேன்.