புல்தரை போய்ப் புழக்கடை வந்தது

தாம்பரம், சேலையூர், குரோம்பேட்டைப் பக்கத்துத் தனி வீடுகளில் பின்புறத்துப் புல்தரை என்பது யாரும் வந்து உட்காராத வரவேற்பறை. பகலில் வெயில் கால் வைக்க விடாது. மாலையில் கொசு விடாது. ஆனாலும் கொரியன் புல்லைச் சதுர அடிக் கணக்கில் வாங்கிப் பதிப்பதும், தண்ணீர் விட்டு வளர்ப்பதும், வளர்ந்துவிட்டதே என்று வெட்டுவதும் நடந்துகொண்டே இருக்கும். கோடையில் நாளுக்கு ஐந்து மில்லிமீட்டர் நீர் போதும் என்று வைத்துக்கொண்டாலும், ஆயிரம் சதுர அடிக்கு 450 லிட்டருக்கு மேல் ஆகிறது. 2019 கோடையில் ஏரிகள் வறண்டு, தெருவெல்லாம் லாரித் தண்ணீருக்குக் குடத்தோடு நின்ற நாட்களில், இந்தக் கணக்கை வாய்விட்டுச் சொல்லாமல் இருப்பதே வீட்டு அமைதிக்கு நல்லதாக இருந்தது.

மாற்றாகச் சொல்லப்படுவது உணவுக்காடு. இங்கிலாந்தின் ஷ்ராப்ஷயரில் ராபர்ட் ஹார்ட் என்பவர் சுமார் 500 சதுர மீட்டரில், நம் கணக்கில் இரண்டு கிரவுண்டுக்குச் சற்று மேல், இப்படி ஒன்றை வளர்த்துக் காட்டினார். பெருமரம், சிறுமரம், புதர், செடி, தரைமூடி, கிழங்கு, கொடி என்று ஏழு அடுக்கு. கேரளத்து வீட்டுத் தோட்டங்களை அவரே வியந்து எழுதியிருக்கிறார். தென்னைக்குக் கீழே வாழை, வாழையடியில் சேம்பு, வேலியில் கோவை, துவைக்கிற கல்லோரம் கறிவேப்பிலை என்று வளர்த்த பாட்டிமார்கள் அடுக்குகளுக்கு எண் போடவில்லை. மற்றபடி பெரிய வித்தியாசம் இல்லை.

முதல் வேலை புல்லை ஒழிப்பது. மேல்நாட்டு முறைப்படி அட்டைப்பெட்டிகளைப் பிரித்து விரித்து, மேலே சருகு கொட்டி மூட வேண்டும். குளிர்நாட்டில் அட்டை மாதக்கணக்கில் கிடந்து மெல்ல மக்கும். இங்கே கறையான் இருக்கிறது. ஃபிரிட்ஜ் வந்த பெட்டியைக்கூட அது சீக்கிரமே தின்று தீர்த்துவிடும். கொரியன் புல் அதற்குள் செத்துவிடும் என்பது உண்மை. சாகாதது கோரை. விலை கொடுக்காமல் தானாக வந்தது அல்லவா! அதன் கிழங்கு அட்டையைத் துளைத்துக்கொண்டு ஊசி முனையாக எட்டிப் பார்க்கும். தோண்டிக் கிழங்கோடு எடுப்பதைத் தவிர வேறு வழியில்லை.

அடுத்தது குழி. பல்லாவரம், தாம்பரம் பகுதிகளில் மண்ணுக்குக் கீழே சார்னோகைட் பாறை. பல இடங்களில் அதற்கும் மேலே சரளை. 1863 மே 30 அன்று ராபர்ட் புரூஸ் ஃபூட் பழைய கற்காலக் கருவியைக் கண்டெடுத்தது பல்லாவரத்துச் சரளையில்தான். மாங்கன்றுக்கு மூன்றடிக் குழி வெட்டுகிறவரின் கடப்பாரை 'ணங்' என்று திரும்பி வரும்போது, கற்கால மனிதனுக்கு மூலப்பொருள் தட்டுப்பாடே இருந்திருக்காது என்பது விளங்கும். முடிச்சூர்ப் பக்கத்துத் தாழ்ந்த மனைகளில் கதை வேறு: இடிபாடு கொட்டி மேடாக்கிய இடமாக இருந்தால், மண்வெட்டியில் முதலில் மாட்டுவது யாரோ வேண்டாமென்று பெயர்த்த பாத்ரூம் டைல்ஸ். இரண்டு இடத்துக்கும் ஒரே வைத்தியம், சருகும் சாணியும் கலந்த மேட்டுப்பாத்தி.

மேடு இன்னொரு காரணத்துக்காகவும் அவசியம். ஆண்டு மழையில் பாதிக்கு மேல் அக்டோபர் முதல் டிசம்பருக்குள் கொட்டிவிடும். 2015 டிசம்பர் முதல் தேதி தொடங்கி 24 மணி நேரத்தில் தாம்பரத்தில் பெய்தது மட்டும் 49 சென்டிமீட்டர். தேங்கிய நீரில் பப்பாளியும் முருங்கையும் வேரழுகும், சேம்பு சந்தோஷப்படும். காற்றுக்கு வேறு பட்டியல்: முருங்கையும் அகத்தியும் லேசான புயலுக்கே முறியும். 2016-இன் வர்தா வந்தபோதோ, முறியாத மரத்தைத்தான் தேட வேண்டியிருந்தது.

எதை நடுவது என்று முடிவு செய்வதே தோட்டத்தின் கடினமான பகுதி. அரை கிரவுண்டுக்குக் குடும்பம் கேட்பது மா, பலா, சப்போட்டா, நெல்லி, இரண்டு தென்னை. வழக்கமான நடவில் ஒரு மாவுக்கே இருபத்தைந்து முப்பதடி வேண்டும். ஆகவே ஒட்டுமா ஒன்று, கவாத்து செய்து அடக்கி வைக்கலாம், பெரியகுளத்து பி.கே.எம்.1 முருங்கை, குளியலறைத் தண்ணீர் போகும் வழியில் வாழை. மரம் நிழல் கட்டும் வரை கத்தரி, வெண்டை. கட்டிய பிறகு மஞ்சள், இஞ்சி, சேனை. நிழலில் கத்தரி காய்க்கவில்லை என்று மாமனார் ஆண்டுதோறும் வருந்துவார். அது அவர் உரிமை.

மழை விட்டதும் முருங்கைத் தண்டில் கம்பளிப்பூச்சி மொய்க்கும். இரவில் பெரிய நத்தைகள் கீரையை மேயும். சுவரை ஒட்டி மூன்றடிக்குச் சருகு போடாமல் கூட்டி வைத்தால், பாம்பு வரும் என்று எச்சரிக்கிற உறவினர்களுக்குப் பாதி பதில் கிடைத்துவிடும். மீதிப் பாதிக்குக் கீரிப்பிள்ளை வர வேண்டும்.

ஹார்ட் எண்ணாமல் விட்ட அடுக்கு ஒன்று மதிலுக்கு அந்தப் பக்கம் இருக்கிறது. சருகு அங்கே விழுந்தால் புகார். மாம்பழம் விழுந்தால் மௌனம். கறிவேப்பிலை எந்தப் பக்கமும் கேட்காமல் பறிக்கப்படும். முருங்கையோ ஒரே மூச்சில் காய்த்துத் தள்ளும். சாம்பார், பொரியல், கூட்டு எல்லாம் ஆன பிறகு, காகிதத்தில் சுற்றித் தெருவில் வீடு வீடாகக் கொடுக்க வேண்டும். கடைசியில் எதிர் அடுக்ககத்துக் காவலாளியிடம் போனால், அவர் நாற்காலிக்கடியில் ஏற்கெனவே மூன்று கட்டு சாத்தி வைத்திருக்கும்.