நாற்பதாயிரத்துக்குள் ஐம்பத்தைந்து இஞ்ச்

ஐம்பத்தைந்து இஞ்ச் ஆசாமி மட்டாஞ்சேரியில் பஜார் ரோட்டு மண்டிகளிலும் ஜூ டவுன் மசாலாக் கிடங்குகளிலும் கணக்கெழுதும் தமிழரிடையே அதிகம் தென்படுகிறார். வயது நாற்பத்தைந்துக்கு மேல். வீட்டில் ஓடுவது 32 இஞ்ச் டிவி. அதன் வலது பக்கம் ஒரு பச்சைக் கோடு விழுந்து இரண்டு ஓணம் ஆகிறது. பெரிய டிவி வாங்குவது என்று முடிவாகிவிட்டது. கேரள அரசு நிறுவனமான கே.எஸ்.எஃப்.இ.யில் சீட்டு விழுந்த பணத்தில் நாற்பதாயிரம் ஒதுக்குவது என்றும் முடிவாகிவிட்டது. முடிவாகாமல் இருப்பது டிவி மட்டும்தான்.

இவரைக் கஞ்சர் என்பது பிழை. நாற்பதாயிரத்தைக் கொடுக்க இவருக்கு மனம் உண்டு, ஏமாறத்தான் மனமில்லை. ஒரு லிட்டர் மிளகு 550 கிராம் நிற்கிறதா, 500தானா என்று எடைபோட்டுப் பார்த்து விலை பேசுகிற தெருவில் ஆயுளைக் கழித்தவர், அட்டைப்பெட்டியில் அச்சடித்திருப்பதை நம்பி ஒரு சாமானை வீட்டுக்குள் விடுவதாவது!

முதல் வேலை அளவு பார்ப்பது. டிவியின் இஞ்சை மூலைக்கு மூலை குறுக்காக அளக்கிறார்கள். 55 இஞ்ச் என்பது ஏறக்குறைய 140 சென்டிமீட்டர். சுவரில் அது பிடிக்கும் இடம் அகலம் 122, உயரம் 68. அமெரிக்க சினிமா, தொலைக்காட்சிப் பொறியாளர் சங்கத்தின் அளவுகோல்படி திரை கண்ணுக்கு 30 டிகிரி விரிந்து தெரிய வேண்டும். அதற்கு 43 இஞ்ச் என்றால் ஆறடி தள்ளி உட்கார்ந்தால் போதும். 55 இஞ்சுக்கு ஏழரை அடி வேண்டும், 65க்கு ஒன்பதடி. மட்டாஞ்சேரிப் பழைய வீட்டு முன்னறையில் நாற்காலியைச் சுவரோடு சுவராக ஒட்டிப் போட்டால் எட்டடி கிடைக்கும். ஆகவே 55. கணக்கில் குறையொன்றும் இல்லை. பழைய தினசரிகளை ஒட்டி 122க்கு 68 செவ்வகம் செய்து சுவரில் மாட்டியும் பார்த்தாயிற்று. "ஏங்க, பேப்பர் அலமாரி மேல ஏறி நிக்குதே, கதவு எப்படித் திறக்கும்?" என்று வீட்டுக்காரம்மா கேட்ட ஒரே கேள்வி மட்டும் பதில் இல்லாமல் நிற்கிறது. செவ்வகமும் மாதக்கணக்காகச் சுவரிலேயே இருக்கிறது. வருகிற உறவினர்கள் அதை நாட்காட்டி இருந்த இடம் என்று நினைத்துக்கொள்கிறார்கள்.

55ஐ ஏன் விடக்கூடாது என்பதற்கு இவரிடம் தொழிற்சாலைக் காரணமும் ஒன்று உண்டு. 2200க்கு 2500 மில்லிமீட்டர் கண்ணாடித் தாளை வெட்டும் ஆலையில், ஒரு தாளுக்கு 55 இஞ்சில் ஆறு துண்டு அதிகம் வீணாகாமல் விழும். அதைவிடப் பெரிய, 2940க்கு 3370 மில்லிமீட்டர் தாளில் 65 இஞ்சில் எட்டு விழும். வெட்டுக் கழிவு குறைந்த அளவே விலைக்குத் தோதான அளவு. ஐந்து பேர் டீ குடிக்கிற இடத்தில் இதைச் சொன்னால் நால்வர் கிளம்பிவிடுகிறார்கள், ஐந்தாமவர் டீக்கடைக்காரர்.

அடுத்தது பேனல். ஆசாமியின் மெய்யான புலமை இங்கேதான் வெளிப்படுகிறது. அது பெரும்பாலும் சரியாகவும் இருக்கிறது. எல்.இ.டி. டிவி என்பது பின்னால் எல்.இ.டி. விளக்கு வைத்த எல்.சி.டி.தான். கியூலெட் என்பதும் அதேதான், நடுவில் குவாண்டம் டாட் பொடி பூசிய ஒரு தாள் கூடுதல். ஓலெட் ஒன்றுதான் வேறு சாதி. அதில் ஒவ்வொரு புள்ளியும் தானே எரிந்து தானே அணையும். அது நாற்பதாயிரத்துக்குள் வராது என்பதால் அதைப் பற்றி மரியாதையுடன் இரண்டு வார்த்தை பேசிவிட்டு நகர்ந்துவிடுவார். எல்.சி.டி.யில் இரண்டு வகை. வி.ஏ. பேனலில் கறுப்பு நல்ல கறுப்பாக இருக்கும். வெளிச்சத்துக்கும் இருட்டுக்கும் உள்ள விகிதம் மூவாயிரத்துக்கு ஒன்று, அதற்கு மேலும் போகும். ஐ.பி.எஸ். பேனலில் அது ஆயிரத்துக்கு ஒன்றை ஒட்டி நிற்கும், ஆனால் பக்கவாட்டில் உட்கார்ந்தவருக்கும் நிறம் வெளுக்காது. வீட்டில் பக்கவாட்டில் உட்காருகிறவர் மாமியார். ஆசாமி வி.ஏ.யைத் தேர்ந்தெடுத்ததற்கு இது காரணமல்ல என்றே கொள்ள வேண்டும்.

இதில் ஒரு சங்கடம்: பட்ஜெட் டிவிகளின் பெட்டியில் பேனல் வகை பெரும்பாலும் எழுதியிருக்காது. ஒரே மாடலில் இந்த மாதம் ஒன்று, அடுத்த மாதம் வேறொன்று வருவதும் உண்டு. எழுதியிருப்பவையோ வேறு. 120 என்று பெரிதாகப் போட்டிருக்கும். அது நிறுவனம் தானே வைத்துக்கொண்ட 'மோஷன்' எண், உள்ளே இருப்பது 60 ஹெர்ட்ஸ். எச்.டி.ஆர். என்று முத்திரை இருக்கும். சிக்னலை வாங்கிக்கொள்ளும் என்பதுதான் அதன் பொருள், அதைக் காட்டும் பிரகாசம் பேனலுக்கு இருக்க வேண்டும் என்ற கட்டாயம் இல்லை. பல பிராண்டு டிவிகளை டிக்ஸன் என்ற ஒரே நிறுவனம் திருப்பதியில் தயாரித்துக் கொடுக்கிறது என்பது தெரிந்த நாளிலிருந்து, பிராண்டின் பெயரைச் சொன்னாலே ஆசாமி புன்னகைக்கத் தொடங்கினார்.

இத்தனை ஆயுதங்களுடன் ஞாயிறு மாலை எர்ணாகுளம் படையெடுப்பு. எம்.ஜி. ரோடு, வைற்றிலை, இடப்பள்ளி என்று ஷோரூம் ஷோரூமாக ஏறி இறங்கி, கடைசியில் பென்டா மேனகையில் உதிரிபாகக் கடைக்காரரிடம் 'எந்தப் பேனல் அதிகம் ரிப்பேருக்கு வருது' என்று விசாரணை. ஷோரூம் சுவரில் நாற்பது டிவிகள். நாற்பதிலும் பஞ்சவர்ணக்கிளி, தண்ணீரில் கரையும் வண்ண மை, அறுத்த மாதுளை. எல்லாம் கடைக்காரர் பயன்முறையில், முழுப் பிரகாசத்தில் எரிகின்றன. அந்தப் பளீர் வெளிச்சத்தில் வீட்டு முன்னறையில் ஒரு மணி நேரம் சீரியல் பார்த்தால் கண்ணில் நீர் வரும். கதை காரணமாக வரும் நீர் தனி.

"சேட்டா, இது கியூலெட்டாணு. ஓணம் ஆஃபராணு, நாளெ கிட்டில்ல கேட்டோ" என்கிறார் விற்பனைப் பையன். ஆசாமி சட்டைப் பையிலிருந்து பென்டிரைவை எடுக்கிறார். அதில் இருப்பது ஒரே ஒரு காட்சி: இருட்டுக் காட்டில் ஒருவன் டார்ச் அடித்துக்கொண்டு நடக்கிறான். கிளிகளுக்கு நடுவே ஒரு டிவி மட்டும் இருண்டு போகிறது. பக்கத்தில் நின்ற குடும்பம் அது பழுதான டிவி என்று தள்ளிப் போகிறது. பையன் மேனேஜரைக் கூப்பிடுகிறான். மேனேஜர் வரும்போது ஆசாமி ரிமோட்டை வாங்கி 'விவிட்'டை 'மூவி'க்கு மாற்றி, ஷார்ப்னெஸ்ஸைக் குறைத்து, செட்டிங்ஸ் குழிக்குள் ஐந்தாம் படியில் இறங்கியிருப்பார். விளம்பரத் தாள் ஒன்றை வாங்கிக்கொண்டு படகேறி வீடு திரும்புவார். விளம்பரத் தாள்களின் எடை மட்டும் இப்போது ஒரு 24 இஞ்ச் டிவிக்கு வரும்.

பண விஷயத்தில் 2025 ஆம் ஆண்டு இந்த ஆசாமிகளுக்கென்றே வந்த ஆண்டு. 32 இஞ்சுக்கு மேற்பட்ட டிவிகளுக்கு அப்போது 28 சதவீத ஜி.எஸ்.டி. ஆகஸ்ட் 15 அன்று செங்கோட்டை உரையில் பிரதமர் தீபாவளிக்குள் வரி குறையும் என்றார். திருவோணம் செப்டம்பர் 5. கேரளத்தில் வீட்டுச் சாதன வியாபாரத்தின் அறுவடைக் காலமே ஓணம்தான். மிக்ஸி, சவுண்ட்பார், சுரண்டிப் பார்க்கும் கூப்பன் எல்லாம் அப்போதுதான் கொட்டும். ஆசாமி அப்படியே உறைந்து நின்றார். செப்டம்பர் 3 அன்று ஜி.எஸ்.டி. கவுன்சில் கூடி 18 சதவீதம் என்றது. அமலாவது 22ஆம் தேதி. நாற்பதாயிரம் ரூபாய் டிவியில் வரியை நீக்கினால் அடக்கம் 31,250. புது வரி சேர்த்தால் 36,875. லாபம் 3,125 ரூபாய். திருவோணத்துக்கு முந்தைய உத்திராட நாளில் ஊரே கடையில் முண்டியடித்தபோது ஆசாமி வீட்டில் உட்கார்ந்து, வாங்குகிறவர்கள் ஒவ்வொருவரும் எவ்வளவு நஷ்டப்படுகிறார்கள் என்று கூட்டிக்கொண்டிருந்தார். அந்த ஓணத்தைப் போல் அவர் எந்த ஓணத்தையும் அனுபவித்ததில்லை.

22ஆம் தேதிக்குப் பிறகு போனால் விலை இறங்கித்தான் இருந்தது. சவுண்ட்பாரும் எக்ஸ்சேஞ்ச் போனஸும் கூடவே இறங்கிப் போயிருந்தன. சரி, அக்டோபர் 20 தீபாவளி. தீபாவளிச் சலுகை கார்டுக்காரர்களுக்கு, இவரிடம் இருந்தது ரொக்கம். வட்டியில்லா இ.எம்.ஐ. என்றார்கள், செயலாக்கக் கட்டணத்தையும் ரொக்கத் தள்ளுபடி போவதையும் சேர்த்துப் பார்த்தால் அதுவும் வட்டிதான் என்று நிரூபித்துவிட்டு வந்தார். ஆண்டு இறுதியில் பார்த்துக்கொள்ளலாம் என்றிருந்தபோது உலகமெங்கும் மெமரி சிப் விலை ஏறத் தொடங்கியது. அந்தச் செய்தியைப் படித்த அன்று அவர் இரவுச் சாப்பாட்டைப் பாதியில் வைத்தார்.

இடைக்காலத்தில் ஆசாமி சும்மா இருப்பதில்லை. சேர்லாய் முதல் தோப்பும்படி வரை டிவி வாங்குகிற அத்தனை பேரும் இவரைத்தான் கேட்கிறார்கள். மணிக்கணக்காகக் கேட்டுவிட்டு, மைத்துனன் சொன்னதை வாங்குகிறார்கள். தென்காசிப் பக்கத்து உறவினர்கள் மீது இவருக்கு ஒரு தனிப் பொறாமை: 2006இல் தமிழ்நாடு அரசு கொடுக்கத் தொடங்கிய இலவச வண்ணத் தொலைக்காட்சி 14 இஞ்ச், எந்தப் பேனல் என்று யாரும் யோசிக்க வேண்டியிருக்கவில்லை. 2022 உலகக் கோப்பைக் கால்பந்தைப் பார்ப்பதற்காகக் கொச்சியை ஒட்டிய முண்டக்காமுகளில் 17 பேர் சேர்ந்து 23 லட்சம் ரூபாய்க்கு ஒரு வீட்டையே வாங்கி, அதில் பெரிய டிவி வைத்துப் பார்த்தார்கள். வீடு வாங்கியதை ஊர் வியந்தது. அந்த டிவி எத்தனை ஹெர்ட்ஸ் என்பதை ஒரு பத்திரிகையும் எழுதவில்லையே என்பது ஆசாமியின் வருத்தம்.

வாங்குதல் பின்வருமாறு நிகழ்கிறது. ஒரு செவ்வாய்க்கிழமை, சீரியலில் கல்யாணம் நிற்கப்போகும் கட்டத்தில், பழைய 32 இஞ்ச் முழுதும் பச்சையாகி அணைகிறது. மறுநாள் காலை வீட்டுக்காரம்மா அலமாரியை இரண்டு ஆள் வைத்து மாடிக்கு ஏற்றிவிட்டு, "இப்ப கதவு திறக்குமா திறக்காதாங்கற பேச்சு இல்ல, கிளம்புங்க" என்கிறார். தோப்பும்படியில் கண்ணில் பட்ட முதல் கடையில், கையிருப்பில் இருந்த ஒரே 55 இஞ்ச், 38,990 ரூபாய். இருபது நிமிடம். பென்டிரைவ் வீட்டிலேயே இருந்துவிட்டது.

பெட்டியைப் படுக்கவைக்கக் கூடாது, நிமிர்த்தியே கொண்டுபோக வேண்டும். ஆட்டோ நுழையாத சந்தில் அது கோயில் திருவாசி போல இரு கைகளில் ஊர்வலம் வந்தது. மாட்ட வந்த பையன் பின்னால் திருகு ஓட்டைகளின் இடைவெளியை அளந்து சுவரில் ட்ரில் வைத்தான். பழைய வீடு, வெட்டுக்கல்லும் சுண்ணாம்பும். செம்மண் பொடி கொட்டியதே தவிர ஆங்கர் பிடிக்கவில்லை. ஆகவே டிவி மேஜைமேல் நிற்கிறது, செய்தித்தாள் செவ்வகத்துக்குச் சரியாக ஒன்றரை அடி கீழே. 120 வாட், நாளுக்கு ஐந்து மணி நேரம், மின்வாரியத்தின் இரண்டு மாத பில்லில் 36 யூனிட் என்று செவ்வகத்தின் பக்கத்திலேயே பென்சிலில் குறிக்கப்பட்டிருக்கிறது. துலாவர்ஷம் என்கிற ஐப்பசி மழையின் இடி மின்னலில் போனால் வாரண்டி பெரும்பாலும் கைகொடுக்காது என்பதால், வானம் இருட்டினாலே பிளக், கேபிள், செட்டாப் பெட்டி மூன்றும் பிடுங்கப்படுகின்றன. மழைக்காலத்தில் டிவி பார்ப்பது மாலை நான்கு மணிக்கு முன்பு.

பார்ப்பது யார் என்று கேட்டால், பெரும்பாலும் மாமியார்; பார்ப்பது பழைய கறுப்பு வெள்ளைப் படங்கள். அவை நான்குக்கு மூன்று வடிவத்தில் எடுக்கப்பட்டவை. பதினாறுக்கு ஒன்பது திரையில் அவற்றுக்கு முக்கால் பங்கு அகலம் போதும். 55 இஞ்சில் படம் தெரிவது 45 இஞ்ச். மீதி கால் பங்கு, பணத்தில் கணக்கிட்டால் ஏறக்குறைய 9,750 ரூபாய், இருபுறமும் வெறும் கறுப்புப் பட்டை. மகன் இதைச் சுட்டிக் காட்டியபோது ஆசாமி விளக்கை அணைக்கச் சொன்னார். திரைக்கு அருகே போய் இடப் பட்டையையும் வலப் பட்டையையும் குனிந்து பார்த்தார். வி.ஏ. பேனல்தான், சந்தேகமில்லை.