கல்யாணப் பத்திரிகையும் கணிதத் தேர்வும்: இடைவெளி மீள்பார்வை குறித்து ஓர் ஆய்வு

ஒருபுறம் வினாவும் மறுபுறம் விடையும் எழுதப்பெற்று, உள்ளங்கைக்குள் அடங்கி, ரப்பர் பேண்டால் கட்டப்பெறும் தடித்த தாள்துண்டு ‘அட்டை’ எனப்படும். அதை மறக்கும் தறுவாயில் எடுத்துப் பார்ப்பதும், சரியாகச் சொல்லும்தோறும் அடுத்த பார்வையைத் தள்ளிவைத்துக்கொண்டே போவதும் ‘இடைவெளி மீள்பார்வை’ எனப்படும். பொருளற்ற அசைகளைத் தாமே மனப்பாடம் செய்து, தாமே மறந்து, மறந்த வேகத்தை அளந்து 1885-இல் நூலாக்கிய ஜெர்மானியர் ஹெர்மான் எப்பிங்ஹவுஸ் இத்துறையின் முதலாசிரியர். சரியான அட்டையை அடுத்த அறைக்கும் தவறிய அட்டையை முதல் அறைக்கும் அனுப்பும் பெட்டி முறையை 1972-இல் பரப்பிய செபாஸ்டியன் லைட்னர் உரையாசிரியர். தேர்வு நெருங்கியபின் இருவரையும் ஒருசேர நம்பும் பிளஸ் டூ மாணவர் இம்மரபின் அடியார்.

இடைவெளியை ஒவ்வொரு முறையும் இரட்டிப்பது எனக் கொண்டால், 1, 2, 4, 8, 16 என ஐந்து மீள்பார்வைகளுக்கு 31 நாள் வேண்டும். இது பெருக்குத் தொடரின் கூடுதல் ஆதலால், இதைக் கணக்கிடத் தெரிந்தவருக்கு அந்தப் பாடத்துக்கு அட்டையே தேவையில்லை என்று வாதிப்போரும் உளர். தேர்வுக்கு மூன்று நாள் இருக்கையில் தொடங்குபவருக்கு இரண்டு மீள்பார்வைகளே வாய்க்கும். மூன்றாவது, தேர்வு முடிந்த நான்காம் நாளில் வந்து நிற்கும்.

அட்டைக்கு மூலப்பொருள் பெரும்பாலும் வீட்டில் சேர்ந்து கிடக்கும் கல்யாணப் பத்திரிகையே. வெற்றுப்புறத்தில் வினாவையும், அச்சிட்ட புறத்தின் ஓரத்தில் விடையையும் எழுதுவதால், விடை சரிபார்க்கத் திருப்பும்போதெல்லாம் மாணவரின் கண் முகூர்த்த நேரத்தின்மீதும் படுகிறது. ஒரு மாதம் கழித்து, கொசைனின் கூட்டற்கோண வாய்பாட்டில் நடுவில் வருவது கழித்தற்குறி என்பதை மறந்தவரும், மணமகனின் பட்டங்களையும் மண்டபத்தின் முகவரியையும் பிழையின்றிச் சொல்வர். இது முறையின் தோல்வி அன்று. எதை இடைவெளி விட்டுப் பார்த்தாலும் அது மனத்தில் தங்கும் என்பதற்கான சான்று.

அட்டையால் வாய்பாடு வருமே தவிரக் கணக்கு வருமா என்னும் ஐயம் ஈண்டு எழும். மடக்கைச் சார்பைத் தொகையிடச் சொன்னால், பகுதித் தொகையிடலின் வாய்பாட்டை ஒப்பிக்கத் தெரிந்தவரும், பெருக்கப்படும் மற்றொரு சார்பு கண்ணுக்குத் தெரியாமையால் திகைத்து நிற்பர். அங்கே 1 என்னும் எண்ணே அந்தச் சார்பு என்று காண்பதுதான் கணக்கு. ஆகவே ‘வாய்பாடு யாது?’ என்று கேட்கும் அட்டை கடைநிலையது. ‘முதல் படி யாது, ஏன்?’ என்று கேட்பது இடைநிலையது. வினாவை மட்டும் தந்து, தாளில் முழுதும் செய்து முடித்தபின், தொகையிடல் மாறிலியைச் சேர்த்தாரா என்றும் பார்த்துக்கொள்ளச் சொல்வது தலைநிலையது.

அட்டை வெட்டுதல், வண்ணப் பேனாவால் கோடிடுதல், பாடவாரியாக அடுக்குதல் ஆகிய மூன்றும் படிப்புபோல் தோன்றுவன, படிப்பு ஆகா. இவற்றை ஒரு மாலைக்குள் முடித்துக்கொண்டு, விடைப்புறத்தைத் திருப்புமுன் பேனாவைக் கையில் எடுப்பவருக்கே இம்முறை பயன் தரும் என்பது இவ்வாய்வின் முடிபு.