சிங்க்கும் ஒரு கீறலும்

ஒரகடத்தில் கார் கம்பெனியில், கதவில் தலைமுடி அளவு கீறல் விழுந்தாலும், வரிசையாக விளக்கைப் போட்டுத் தேடிப் பிடித்து மெருகேற்றிவிடுவார்கள். அந்த வேலை பார்க்கும் தம்பி, மண்ணூரில் என் பக்கத்து போர்ஷன். அவர் வீட்டு எவர்சில்வர் சிங்க் முழுக்கத் துருப்புள்ளி. சிறுத்தை படுத்திருப்பதுபோல் இருக்கும்.

எவர்சில்வர் துருப்பிடிக்குமா? நாம் மனசு வைத்தால் பிடிக்கும். அதைக் காப்பது கண்ணுக்குத் தெரியாத குரோமியம் ஆக்சைடு படலம். இரும்பு நாரால் தேய்த்தால் துணுக்கு ஒட்டிக்கொண்டு துருவேறும்; ப்ளீச்சிங் பவுடரை ஊறவிட்டால் குளோரைடு குழி பறிக்கும். தம்பி இரண்டையும் சிரத்தையாகச் செய்திருந்தார்.

சமையல் சோடாவைக் குழைத்து, மெல்லிய ஸ்பாஞ்சால், தகட்டில் கோடு ஓடும் திசையிலேயே தேய்த்தோம். (வட்டமாகத் தேய்த்தால் கோலம் விழும்.) பாதிப் புள்ளி மறைந்தது. குழி விழுந்தவை அசையவில்லை.

வாடகை வாங்க வந்த ஓனர் எட்டிப் பார்த்தார். "புது சிங்க்காச்சே தம்பி, அட்வான்ஸ்ல கழிச்சுக்கிறேன்" என்றார். சிங்க்குக்கு மேலே உத்தரம்வரை ஓடும் சுவர் விரிசல் அவர் கண்ணில் படவில்லை.

தம்பியின் கம்பெனியில் இவரைத்தான் இன்ஸ்பெக்டராகப் போட்டிருக்க வேண்டும்.