மூன்றாம் நம்பர் பாட்டி

அமெரிக்க உட்கட்சித் தேர்தலில் வீட்டு வாசலுக்கு வரும் தொண்டர், பேசி முடித்ததும் உங்களுக்கு ஒரு நம்பர் போடுவார். ஒன்று என்றால் நம்ம ஆள். ஐந்து என்றால் எதிர் முகாம். மூன்று என்றால் போச்சு, கதவைத் தட்டிக்கொண்டே இருப்பார்கள். காபி கொடுத்து உட்கார வைத்த பாட்டி உடனே ‘ஒன்று’ ஆகிவிடுவார். அவர் வந்தவர்கள் எல்லோருக்கும்தான் காபி கொடுத்தார் என்பது கணினியில் ஏறாது.

2020 பிப்ரவரி 3 இரவு, அயோவா மாநிலத்தில் ஜனநாயகக் கட்சிக்காரர்கள் தங்கள் அதிபர் வேட்பாளரைத் தேர்ந்தெடுக்க, பள்ளிக்கூட அரங்குகளில் வேட்பாளருக்கொரு மூலையில் கூடினார்கள். 15 சதவீதம் தேறாத வேட்பாளரின் ஆட்கள் எழுந்து வேறு மூலைக்குப் போகலாம் என்பது அப்போதைய பொது விதி. பக்கத்து வீட்டுக்காரர் கையசைத்துக் கூப்பிட்டால் போதும், மாதக்கணக்கில் சேர்த்த தரவு பத்தடி நடையில் காலி. முடிவை அனுப்ப வைத்திருந்த கைபேசிச் செயலியும் அன்றைக்கென்று படுத்துக்கொண்டது. யார் மனதில் என்ன என்று ஆரூடம் சொன்ன கட்சிக்கு, அரங்கில் எத்தனை தலை என்று சொல்ல நாள்கணக்கானது!

அங்கே முன்னணியில் வந்த வேட்பாளர் பீட் பூட்டிஜெஜ் மார்ச் 1-ஆம் தேதி போட்டியிலிருந்து விலகி, மறுநாள் ஜோ பைடனை ஆதரித்தார். அயோவாவில் நான்காவதாக வந்த அதே பைடன்தான் அந்த ஆண்டு அதிபர் தேர்தலில் வென்றார்.