நான்காம் கேள்விக்கு விடையளிக்க இயலாமை குறித்து

அனுப்புநர்: பட்டு நெசவாளி ஒருவன், ஐயம்பேட்டை, வாலாஜாபாத் சாலை, காஞ்சிபுரம் மாவட்டம்.
பெறுநர்: பண்டிகைக் காலக் கைவினைச் சந்தைத் தேர்வுக் குழுவினர், சென்னையிலுள்ள ஒரு கலை மையம்.

பெருமதிப்பிற்குரிய ஐயா / அம்மையீர்,

தங்கள் விண்ணப்பப் படிவம் கிடைத்தது. வழவழப்பான தாள், ஓரமெல்லாம் மாங்காய் புட்டா. எங்கள் ஊர் முந்தியில் பார்த்த மாங்காய் மாதிரியே இருக்கிறது. அதற்குக் கூலி கேட்டு எழுதவில்லை, பயப்பட வேண்டாம்.

நான்காம் கேள்வியில்தான் சிக்கல். ‘இப்பொருள் முழுக்க முழுக்க உங்கள் கையாலேயே செய்யப்பட்டதா?’ ஆம் என்று டிக் போட்டால் பொய். இல்லை என்று போட்டால் ஸ்டால் கிடையாது.

என் பொருள் ஒரு பட்டுச் சேலை. உள்ளதைச் சொல்லிவிடுகிறேன். பட்டு கர்நாடகத்தில் விளைந்தது. சரிகை சூரத்துச் சரக்கு. கோராப் பட்டு நூலை முறுக்கேற்றியது ஒருவர், சாயம் தோய்த்தது இன்னொருவர். வெயில் ஏறுவதற்குள் தெரு நீளத்துக்குப் பாவை இழுத்துக் கட்டியதில் யார் யார் கை பட்டதென்று எனக்கே தெரியாது. ஜக்கார்டு அட்டையில் டிசைன் குத்தியவர் வேறு. தார் சுற்றியது என் வீட்டுக்காரி. இதெல்லாம் முடிந்து நான் தறியில் உட்கார்ந்தாலாவது தனியாளா என்றால், அதுவும் இல்லை. கோர்வைச் சேலைக்கு மூன்று நாடா ஓட வேண்டும். உடல் ஒரு நிறம், கரை ஒரு நிறம். இடப்பக்கக் கரைக்கு நாடா தள்ள இன்னொருவர் பக்கத்தில் உட்கார்ந்தே ஆக வேண்டும். பெட்னி போட்டு முந்திக்கு வேறு நிறப் பாவைச் சேர்க்கும் நாளில், வேடிக்கை பார்க்க வந்த மச்சானுக்கும் வேலை உண்டு.

ஆகவே, தங்கள் விதிப்படி இந்தச் சேலை கைவினைப் பொருள் ஆகாது. பாரிமுனையில் டஜன் கணக்கில் வாங்கிய கம்மலில் மணி ஒட்டுபவர் தேறிவிடுவார். தனியாகத்தானே ஒட்டுகிறார். அவர்மேல் எனக்குக் கோபமில்லை, பசை நன்றாகவே பிடிக்கிறது.

2005-06இல் காஞ்சிபுரம் பட்டுக்குப் புவிசார் குறியீடு கொடுத்த அதிகாரிகளுக்கு இந்த நுணுக்கம் புரியாமல் போயிற்று. ஆளுக்குக் கொடுக்காமல் ஊருக்குக் கொடுத்துவிட்டார்கள். 1985ஆம் ஆண்டுக் கைத்தறி ஒதுக்கீட்டுச் சட்டத்தின்கீழ் இன்று 11 வகைத் துணிகள் கைத்தறிக்கென்று இருக்கின்றன, சேலையும் அதில் சேர்த்தி. அங்கேயும் எத்தனை கை என்று யாரும் கேட்கவில்லை. விசைத்தறியா கைத்தறியா என்பதுதான் கேள்வி. தங்கள் படிவத்தில் அந்தக் கேள்வியைக் காணோம். ஊர்ப் பெயருக்கும் கட்டம் இல்லை, ‘பிராண்ட் பெயர்’ இருக்கிறது. ‘உங்கள் கதை, நூறு சொற்களில்’ என்றும் இருக்கிறது. தாத்தா படம் இணைத்தால் சிறப்பு, கறுப்பு வெள்ளையாக இருந்தால் மிகச் சிறப்பு என்று குறிப்பு வேறு. தாத்தா படம் ஒன்றே ஒன்றுதான், அதுவும் கலர். மன்னிக்கவும்.

தாங்கள் கேட்டிருக்கும் நேரடிச் செயல்விளக்கத்துக்குச் சம்மதம். எங்களுடையது குழித்தறி. காலைத் தொங்கவிட்டு மிதிக்கப் பள்ளம் வேண்டும். தங்கள் அரங்கின் பளிங்குத் தரையைத் தோண்ட முன்அனுமதி தேவையா, கொத்தனாரை நாங்களே அழைத்து வரவேண்டுமா என்று தெரிவிக்கவும்.

சந்தையில் எடுக்கும் ஆர்டரைப் பத்து நாளில் நெய்து அனுப்ப வேண்டுமாம். ஐப்பசி, கார்த்திகை மழையில் தறிக்குழியில் தண்ணீர் ஊறும், பாவு நமுத்துப்போகும், தறி நிற்கும். பருவமழைக்குத் தேதி மாற்றிக் கொடுக்கும் அதிகாரம் தங்கள் குழுவுக்கு இருந்தால் பத்து நாள் எதற்கு, எட்டே போதும்.

விற்றதில் முப்பது சதவீதம் மையத்துக்கு. அது போக வாடிக்கையாளருக்குப் பண்டிகைத் தள்ளுபடி, அதுவும் என் கணக்கில். என் கையால் மட்டுமே செய்ய வேண்டியது இது ஒன்றுதான் என்று புரிந்துகொண்டேன்.

நான்காம் கேள்வியில் இரண்டு கட்டங்களுக்கும் நடுவே மூன்றாவதாக ஒன்று வரைந்து, ‘பல பேர்’ என்று எழுதி டிக் போட்டிருக்கிறேன். கையொப்பங்கள் தனித்தாளில். பட்டுப்புழுவிடம் மட்டும் வாங்க முடியவில்லை, கூட்டை வேகவைத்தபோதே காலமாகிவிட்டது. ஸ்டாலுக்கு இரண்டு அனுமதி அட்டைதான் தருவீர்களாம். மீதிப் பேருக்கும் சேர்த்து அனுப்பவும். சூரத்துக்காரர் ரயிலுக்கு முன்பதிவு செய்ய வேண்டும்.

இப்படிக்கு,
மேற்படி சேலையை நெய்தவர்களில் ஒருவன்