சனிக்கிழமை எண்ணெய்க் குளியலும் ஒற்றை வார இலக்கும்: ஓர் ஆய்வு

ஆய்வு முன்னுரை

ஒரு மனிதன் வாரத்துக்கு ஒரே ஒரு காரியத்தை விடாமல் செய்ய முடியுமா என்பது மானுடத்தின் ஆதாரக் கேள்விகளுள் ஒன்று. தினமும் செய்ய வேண்டியதைப் பற்றி நிறையப் பேர் எழுதிக் குவித்துவிட்டார்கள். வருஷத்துக்கு ஒருமுறை செய்ய வேண்டியதைக் கவனித்துக்கொள்ளத் தீபாவளியும் வருமான வரித் துறையும் இருக்கின்றன. நடுவில் கிடக்கும் வாரம்தான் கேட்பாரற்றுப் போயிற்று. அக்குறையைப் போக்கவே இவ்வாய்வு.

ஆய்வுப் பொருள், சனிக்கிழமை எண்ணெய்க் குளியல். தேர்ந்தெடுத்த காரணங்கள் மூன்று. தமிழனுக்கு விதிக்கப்பட்ட வார இலக்குகளில் இதைவிட மூத்தது ஆய்வாளர் அறிந்தவரை வேறில்லை. இதற்குச் சந்தா கட்ட வேண்டாம், ஷூ வாங்க வேண்டாம். மேலும், செய்தவன் யார், செய்யாதவன் யார் என்பதை நெற்றியைப் பார்த்தே சொல்லிவிடலாம் என்பதால் தரவில் பொய் கலக்க வழியில்லை.

ஆய்வு எல்லை: ஆய்வாளரின் சொந்தத் தலை ஒன்று, சனிக்கிழமைக் காலை நேரம், ஒரு அடுக்குமாடி வீட்டின் ஒரே கீசர்.

முன்னாய்வுகள்

இத்துறையின் முன்னோடி ஔவையார். ஆத்திசூடியின் 109 அடிகளில் ஒன்றைச் சனிக்கிழமைக் குளியலுக்கு அவர் ஒதுக்கியிருப்பதாகவே நம் வீட்டுப் பெரியவர்கள் பொருள் சொல்லி வந்திருக்கிறார்கள். அறம், ஈகை, கல்வி என்ற பெரிய சங்கதிகளுக்கு நடுவே குளியலுக்கும் இடம் கொடுத்தார் என்றால், அந்தக் காலத்திலேயே பிள்ளைகள் எண்ணெய்க் கிண்ணத்தைக் கண்டு ஓடியிருக்க வேண்டும். எல்லாரும் ஒழுங்காகச் செய்துகொண்டிருக்கும் காரியத்தை யாரும் நீதிநூலில் எழுதுவதில்லை.

அடுத்தவர் சித்தர் தேரையர். பிணியணுகா விதியில் நான்கு நாளுக்கு ஒருமுறை எண்ணெய் முழுக்கு என்று வகுத்தார். அதோடு விட்டாரா? நான்கு மாதத்துக்கு ஒருமுறை பேதி மருந்து, ஆறு மாதத்துக்கு ஒருமுறை வாந்தி மருந்து என்றும் அடுக்கினார். பின்வந்த சந்ததியார் பட்டியலை ஆற அமரப் பரிசீலித்து, மருந்துகளை ஓசைப்படாமல் கழற்றிவிட்டு, நான்கு நாளை ஏழு நாளாக்கி, வாரம் ஒரு குளியலோடு சமரசம் செய்துகொண்டார்கள். பட்டியல் சுருங்கினால்தான் ஏதாவது ஒன்று நிற்கும் என்ற இவ்வாய்வின் மையக் கருத்துக்கு இதுவே முதல் சான்று.

வழக்காறோ ஆண்களுக்குப் புதன், சனி என்றும் பெண்களுக்குச் செவ்வாய், வெள்ளி என்றும் ஆளுக்கு இரண்டு வாய்ப்பு கொடுத்தது. புதன்கிழமை எண்ணெய் தேய்த்து ஊறிவிட்டு ஒன்பது மணி பஸ்ஸைப் பிடிப்பது நடக்காத காரியம். எனவே ஆண் வர்க்கத்துக்குச் சனிக்கிழமை மட்டுமே மிஞ்சியது. அதுவும் சனிக்கிழமை லீவு விடும் புண்ணியவான்களிடம் வேலை பார்ப்பவர்களுக்கு.

கருதுகோள்

வைராக்கியத்தின் அளவு கூடினால் குளியலின் எண்ணிக்கையும் கூடும். (இக்கருதுகோள் பின்னர் கைவிடப்பட்டது.)

தரவு: ஒத்திவைப்பின் வகைகள்

எண்ணெய்க் குளியல் நடைபெறாத சனிக்கிழமைகளை ஆராய்ந்ததில் காரணங்கள் நான்கு வகைப்பட்டன.

வானிலை வகை: மேகமூட்டமாக இருந்தால் சளி பிடிக்கும். வெயிலாக இருந்தால், குளித்த பிறகு வெளியே அலையக் கூடாது என்பதால் வேலை கெடும். மேகமும் வெயிலும் இல்லாத சனிக்கிழமை இன்னும் கண்டறியப்படவில்லை.

பஞ்சாங்க வகை: அமாவாசையன்று கூடாது, ஜென்ம நட்சத்திரத்தன்று கூடாது, திதி நாளில் கூடாது. மற்ற எந்த விஷயத்திலும் பஞ்சாங்கத்தைத் தொடாதவர்கள், சனிக்கிழமை காலை மட்டும் காலண்டரைக் கிழித்துப் பார்த்துக் கண்ணில் ஒற்றிக்கொள்வதை ஆய்வாளர் கவனித்திருக்கிறார். அவர்களுள் அவரும் ஒருவர்.

உணவு வகை: குளித்த அன்று தயிர், மோர், இளநீர் ஆகாது, பகலில் தூக்கமும் ஆகாது. சனிக்கிழமை மத்தியானத் தூக்கத்துக்காகவே வெள்ளிக்கிழமை வரை உயிரோடிருப்பவனிடம் இதைக் கேட்பது கொஞ்சம் அதிகம்.

திங்கட்கிழமை வகை: ‘அடுத்த வாரத்திலிருந்து ஒழுங்காக.’ இந்த வகைக்கு வெளிநாட்டு ஆதரவும் உண்டு. வாரம், மாதம், ஆண்டு ஆகியவற்றின் தொடக்கத்தில் உணவுக் கட்டுப்பாட்டைப் பற்றிய கூகுள் தேடல்கள் கூடுகின்றன என்று ஹெங்சென் டாய், கேத்ரின் மில்க்மன், ஜேசன் ரீஸ் ஆகியோர் 2014-இல் எழுதினார்கள். புதுக் கணக்கு தொடங்குவதில் மனுஷனுக்கு அப்படி ஒரு உற்சாகம். நம் ஆய்வுப் பொருளோ வாரத்தின் கடைசியில் வருவது. திங்கட்கிழமை ஊறிய உற்சாகம் சனிக்கிழமைக்குள் வற்றிவிடும்.

களக் காட்சி

காலை எட்டு மணி. தாளிக்கும் இரும்புக் கரண்டியில் தாயார் நல்லெண்ணெய் ஊற்றுகிறார். நான்கு மிளகு, ஒரு சிட்டிகை சீரகம், தோலோடு நசுக்கிய பூண்டுப் பல் ஒன்று. பூண்டின் ஓரம் சிவந்து, மிளகு ஒன்று டப்பென்று தெறித்ததும் அடுப்பை அணைக்கிறார். வாசனை படுக்கையறைக் கதவுக்கு அடியில் நுழைந்து வருகிறது. இது முதல் நோட்டீஸ். ஆய்வாளர் போர்வையை இழுத்துக்கொள்கிறார். பத்து நிமிஷத்தில் இரண்டாவது நோட்டீஸ் வாய்மொழியாக வருகிறது:

“டேய், எண்ணெய் காய்ஞ்சு ஆறியும் போச்சு. வர்றியா, இல்ல இட்லிப் பொடிக்குக் குழைச்சுடவா?”

அன்று குளியல் நடந்தது. பழைய துண்டைக் கட்டிக்கொண்டு, விரித்த செய்தித்தாள்மீது ஆய்வாளர் அரைமணி நேரம் ஊறினார். இடையில் போன் அடித்தது. கைரேகை வைத்துத் திறக்கப் பார்த்தார்; எண்ணெய் விரலை அந்தப் போன் யாரோ அந்நியன் என்று தீர்மானித்துவிட்டது. அந்த அரைமணியில் உலகத்தில் என்ன நடந்ததென்று அவருக்குத் தெரியாது. பிற்பாடு விசாரித்ததில், ஒன்றும் நடக்கவில்லை.

பிறகு சீயக்காய், கண் எரிச்சல், வெந்நீர், மிளகு ரசம்.

இந்தத் தரவின் முக்கியத்துவத்தைக் கவனிக்க வேண்டும். அன்று காலை ஆய்வாளரிடம் வைராக்கியம் சுத்தமாக இல்லை. இருந்தவை நான்கு: குறித்த கிழமை, காய்ந்த எண்ணெய், காத்திருந்த ஒரு ஆள், கடைசியில் ரசம். இதே ஆய்வாளர் வைராக்கியம் ததும்பிய சனிக்கிழமைகளில், தாயார் ஊருக்குப் போயிருந்தபோது, குளிக்காமல் இருந்திருக்கிறார். கருதுகோள் இங்கே மரணமடைந்தது.

பகுப்பாய்வு

எந்த நேரம், எந்த இடம், எப்படி என்று முன்கூட்டியே முடிச்சுப் போட்டு வைத்த எண்ணம், வெறும் எண்ணத்தைவிட அதிகம் நிறைவேறுகிறது என்று உளவியலாளர் பீட்டர் கோல்விட்சர் 1999-இல் எழுதினார். மிளகு தெறித்தால் எழுந்திரு என்பது அந்த வகை முடிச்சுதான். நம் தாய்மார்கள் அதை இரும்புக் கரண்டியில் போட்டார்கள்.

அடுத்த கேள்வி: எத்தனை வாரம் செய்தால் பழக்கமாகும்? லண்டன் யுனிவர்சிட்டி காலேஜில் ஃபிலிப்பா லாலியும் சகாக்களும் 96 பேரை 12 வாரம் கவனித்து, அதன் முடிவை 2010-இல் அச்சிட்டார்கள். மதியச் சாப்பாட்டோடு ஒரு பழம், இரவுச் சாப்பாட்டுக்கு முன் கொஞ்சம் ஓட்டம் என்று தினசரி ஒரு காரியத்தை ஒவ்வொருவரும் எடுத்துக்கொண்டார்கள். தன்னியல்பாக நடக்கும் நிலைக்கு வர ஆன காலம் 18 நாள் முதல் 254 நாள் வரை. நடு அளவு 66 நாள். 12 வாரத்துக்கு 84 நாள்தானே, 254 எங்கிருந்து வந்தது என்று கேட்கலாம். கிடைத்த வளைகோட்டை மேலே நீட்டிக் கணக்குப் பார்த்தார்கள்.

நீட்டுவது இவ்வாய்வாளருக்கும் கைவந்த கலை. அவர்கள் நாள் என்றதை நாம் வாரம் என்று வைத்துக்கொண்டால், எண்ணெய்க் குளியல் பழக்கமாக 66 வாரம், அதாவது ஒன்றேகால் வருஷம் ஆகும். மந்தமான ஆசாமிக்கு 254 வாரம்: ஐந்தாண்டுக்கு ஏழு வாரம் குறைவு. ஒரு சட்டமன்றம் பதவியேற்கும் அன்று முதல் எண்ணெய் வைத்தவனுக்கு, அடுத்த தேர்தல் தேதி அறிவிக்கும் சமயத்தில்தான் பழக்கம் படியும். இந்தக் கணக்குக்கு லண்டன்காரர்கள் பொறுப்பல்ல.

அவர்கள் கண்டதில் பொன்னான விஷயம் ஒன்று உண்டு. இடையில் ஒரு நாள் தவறிப்போனதால் பழக்கம் படிவதில் பெரிய சேதம் இல்லை. எண்ணெய்க் குளியல் இதை எப்போதோ கண்டுகொண்டது. போன வாரம் விட்டவன் இந்த வாரம் இரண்டு கரண்டி எண்ணெய் வைத்து இரண்டு தடவை குளிப்பதில்லை. இதில் அரியர் கிடையாது. அபராதமும் கிடையாது. விட்டது விட்டதுதான், அடுத்த சனிக்கிழமை பழைய பாக்கி ஏதுமில்லாமல் வந்து நிற்கிறது. பத்தாயிரம் அடி நடக்கிறேன் என்று கிளம்பி, இரண்டு நாள் விட்டு, மூன்றாம் நாள் முப்பதாயிரம் நடக்கப் பார்த்து முழங்காலில் தைலத்தோடு உட்கார்ந்திருக்கும் அன்பர்கள் இப்பத்தியை இன்னொரு முறை படிக்கவும்.

இலக்குப் பெருக்க நோய்

இரண்டு மூன்று வாரம் ஒழுங்காகக் குளித்துவிட்டால் மனிதனுக்கு ஒரு தெம்பு வருகிறது. ஆபத்து இங்கேதான். எண்ணெய் தேய்த்து ஊறும் அரைமணியில் ஏன் சும்மா இருக்க வேண்டும்? இந்தி கற்கலாம். குளித்த கையோடு அலமாரியை ஒழுங்குபடுத்தலாம். மாலையில் நீச்சல். ஒரு கோடு போட்ட நோட்டுப் புத்தகம் வாங்கி, பிள்ளையார் சுழி போட்டு, ஏழு இலக்குகளை எழுதி, எதிரே கட்டம் போடுகிறான். அடுத்த சனிக்கிழமை அந்த ஏழில் எதை முதலில் செய்வது என்று யோசித்தபடியே மத்தியானம் ஆகிவிடுகிறது. குளியலும் போயிற்று. நோட்டுப் புத்தகம் பால் கணக்கு எழுதப் பயன்படுகிறது.

எதிர்ச் சான்றாகத் தீபாவளியைக் காட்டலாம். வருஷம் முழுக்க எண்ணெயைத் தொடாதவனும் அன்று விடியுமுன் எழுந்து மணையில் உட்காருகிறான். கிழமையைத் தேட வேண்டியதில்லை, தெருவே குளிக்கிறது, குளிக்காதவனுக்குப் புதுச் சட்டை கிடையாது, லேகியமும் பட்சணமும் அதன் பிறகுதான். அன்று காலை அவனுக்கு வேறு வேலையும் கிடையாது.

முடிவுகள்

1. வார இலக்கு ஒன்றே ஒன்றாக இருக்கட்டும். இரண்டாவது, முதலாவதைத் தின்றுவிடும்.

2. அது ஒரு கிழமையில், ஒரு நேரத்தில், ஒரு இடத்தில் இருக்கட்டும். ‘வாரத்துக்குள் எப்படியாவது’ என்பது எந்தக் காலண்டரிலும் இல்லாத நாள்.

3. இலக்கை இன்னொருவரிடம் ஒப்படைத்துவிடவும். நம்மைவிட அவருக்கு அதில் அக்கறை அதிகமாக இருப்பது உத்தமம். எண்ணெயை இட்லிப் பொடிக்குத் திருப்பிவிடும் அதிகாரமும் அவருக்கு இருக்க வேண்டும்.

4. முடிவில் ஒரு ரசமாவது இருக்கட்டும்.

5. விட்ட வாரத்துக்காக அழ வேண்டாம். சேர்த்துச் செய்யவும் வேண்டாம்.

எண்ணெய்க்குப் பதில் ஊரிலிருக்கும் அக்காவுக்குப் போன், நூலகத்துக்கு ஒரு நடை, மொட்டைமாடித் தொட்டியைக் கழுவுதல் என்று எதை வைத்தாலும் மேற்கண்ட ஐந்தும் பொருந்தும். சோதித்துப் பார்க்க விரும்பும் வாசகர்கள் வரும் வாரமே ஏதாவது ஒன்றைத் தொடங்கலாம். எண்ணெய்க் குளியலையே தேர்ந்தெடுப்பவர்கள் அமாவாசையா என்று ஒரு தடவை பார்த்துக்கொள்ளவும். ஒரு தடவை போதும்.